கனத்த மரத்தில் மட்டும் பிடித்த வாள்

1. ஒரு வரி எழுதிக் கொடுங்க

என் கையெழுத்தைக் காட்டியே ஒரு பெண்ணின் வேலையைப் பறிக்கப் பார்த்தார்கள். அந்தக் கோபம் ஓய்வு பெற்ற பிறகும் எனக்குத் தணியவில்லை. தணிக்க நான் முயலவும் இல்லை. ரத்த அழுத்தத்துக்கு மருத்துவர் நடக்கச் சொன்னார். ஸ்ரீரங்கத்தில் வீட்டிலிருந்து அம்மா மண்டபம் வரை தினமும் நடக்கிறேன். போகும்போது பொறியாளர் கணேசனைத் திட்டிக்கொண்டு போகிறேன், வரும்போது ஸ்டோர்ஸைத் திட்டிக்கொண்டு வருகிறேன். உடம்புக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

திருச்சியில் இயந்திர பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுப் பிரிவில் இருந்தேன். வெளியிலிருந்து வாங்கும் எந்தப் பொருளும், ஒரு பெட்டி ஆணியாக இருந்தாலும், எங்கள் பிரிவு பார்த்து 'ஏற்கத்தக்கது' என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஸ்டோர்ஸுக்குள் போகும். விதிப்புத்தகம் எனக்கு மனப்பாடம் என்று கேலி பேசுவார்கள். அது கேலி இல்லை, உண்மை.

ஓய்வுக்கு முந்தைய ஆண்டு ஒருநாள் பேக்கிங் பிரிவுப் பொறியாளர் கணேசன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். என்னைவிட வயதில் சிறியவர், பதவியில் பெரியவர். ஜிம்முக்குப் போகிறவர் என்பது சட்டைக் கையைப் பார்த்தாலே தெரியும்.

"சார், புது கைவாள் லாட் நீங்கதானே பாஸ் பண்ணீங்க?"

"ஆமா."

"குறை ஒண்ணும் இல்லையே?"

"இருந்தா பாஸ் பண்ணியிருக்க மாட்டேன்."

"அவ்வளவுதான் சார். அதை ஒரு வரி எழுதிக் கொடுத்துடுங்க."

"எதுக்கு?"

"நம்ம வளர்மதி கேஸுக்கு. வாள் பிடிக்குது, வாள் பிடிக்குதுன்னு மாசக்கணக்கா ஒரே பாட்டு. வாள் சரின்னு நீங்க எழுதிட்டா, சரியில்லாதது யாருன்னு தானா தெரிஞ்சிடும்ல?"

வளர்மதி பேக்கிங் பிரிவில் ஒரே பெண் தச்சர். கணவர் எங்கள் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து இறந்துபோனார். கருணை அடிப்படையில் மனைவிக்கு வேலை. பெருக்குகிற வேலை தருவதாகச் சொன்னார்கள். எனக்குத் தச்சு வேலை தெரியும், அதைக் கொடுங்கள் என்று அவர் கேட்டு வாங்கினார். அப்பாவுக்கு உறையூரில் கதவு, நிலை செய்யும் பட்டறை. சிறுவயது முதல் அங்கே வாள் பிடித்த கை. ஆனாலும் தகுதிகாண் காலம் முடியும்போது டிரேட் டெஸ்ட் என்ற தொழில்திறன் சோதனையில் தேற வேண்டும். தேறாவிட்டால் நியமனம் ரத்து. கருணை வேலை இரண்டாம் முறை கிடைக்காது. அவர் சம்பளத்தில்தான் அவரும் பள்ளியில் படிக்கும் மகளும் சாப்பிடுகிறார்கள்.

"ரீப்பர் கொடுத்தா அறுக்கறாங்க," என்றார் கணேசன். "கனமான ஸ்கிட் கட்டையைக் கொடுத்தா பாதியிலே நின்னுடறாங்க. பலம் பத்தல சார். பாவம், பொம்பளை. நான் என்ன பண்றது?"

ஸ்கிட் என்பது மரப்பெட்டியின் அடியில் போடும் கனத்த கட்டை. பெரிய அறுப்புக்கெல்லாம் எங்களிடம் மெஷின் உண்டு. ஆனால் பெயின்ட் அடித்த பாகம் பெட்டிக்குள் இறங்கிய பிறகு, அதன் பக்கத்தில் வைத்து அளவு பார்த்து அறுக்கக் கைவாள்தான் வேண்டும்.

"எழுதித் தரேன்," என்றேன். "வாளைப் பாத்துட்டு எழுதித் தரேன்."

"அதான் பாத்துட்டீங்களே சார்?"

"பாத்தது அது வந்த அன்னிக்கு."

அவர் பாவம் என்று சொன்ன விதம்தான் என்னைக் கிளப்பிவிட்டது. வைதிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

2. என் வீட்டு நிலைப்படி

என் வீட்டு வாசல் நிலைப்படி அடியில் இற்றுப்போய் இரண்டு மழைக்காலம் ஆகியிருந்தது. அதை மாற்ற இதைவிட நல்ல சமயம் வராது என்று முடிவு செய்தேன். உறையூர்ப் பட்டறைக்குச் சொல்லி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை பட்டறைப் பெரியவர், வளர்மதியின் அப்பா, ஆட்டோவில் மரத்தோடு வந்து இறங்கினார். பின்னாலேயே வாளோடு இறங்கிய வளர்மதி என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"உங்க வீடுன்னு அப்பா சொல்லவே இல்லயே சார்."

"சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டீங்க."

"நான் வேலைக்கு வரல சார். அப்பாவுக்கு மரம் தூக்க ஒத்தாசைக்கு வந்தேன்."

தகுதிகாண் காலத்தில் இருப்பவர் வெளியே வேலை செய்யக் கூடாது என்று விதி இருக்கிறது. அவருக்கும் அது தெரிந்திருந்தது. அப்பாவுக்கு ஒத்தாசை செய்யக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. அதை அவரிடம் சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

பழைய வேங்கைக் கட்டை. ஸ்கிட்டைவிடக் கனம். கோடு போட்டு, ஒரு முனை வெளியே தொங்கும்படி வைத்து, அறுத்தார். நிற்கவில்லை, கோட்டை விட்டு விலகவில்லை. துண்டு கீழே விழுந்ததும் அடுத்த முனைக்குப் போனார். நான் காப்பி குடித்து முடிப்பதற்குள் இரண்டு பக்கமும் முடிந்திருந்தது. நான் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன். இதை நான் எங்கேயும் எழுத முடியாது. எழுதினால் வெளிவேலை பார்த்ததாக அதற்கும் ஒரு மெமோ கொடுப்பார்கள்.

"இந்த வாளை ஷெட்டுக்குக் கொண்டாந்து அறுத்துக் காட்ட வேண்டியதுதானேம்மா?"

"கேட்ல விடுவாங்களா சார்? சொந்த டூல் கொண்டு வரக்கூடாதுன்னு போர்டே வெச்சிருக்காங்க. அங்க உள்ள வாளைக் கொண்டாந்து அப்பாகிட்ட காட்டலாம்னா அதுக்கும் பாஸ் வேணுமாம். பல்லை நானே ராவிப் பாக்கறேன்னு கேட்டேன், வாரண்டி போயிடும்னுட்டாரு இன்ஜினியர். பக்கத்துல இருக்கறவங்க வாளைக் கேட்டா, 'எம் பேர்ல இருக்கு தங்கச்சி, ஏதாவது ஆச்சுன்னா நான்ல பதில் சொல்லணும்'ங்கறாங்க. நான் என்னதான் சார் பண்றது? பல்லால கடிச்சுத் துண்டாக்கவா?"

பெரியவர் இருமிக்கொண்டே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வளர்மதி சொன்ன நான்கு விதிகளும் சரியான விதிகள். நான்கையும் சேர்த்துப் பூட்டினால் ஓர் ஆள் உள்ளே மாட்டிக்கொள்வார் என்று எழுதியவர்கள் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

"எப்போ பிடிக்குது? எடுத்ததுமேவா?"

"இல்ல சார். மொதல்ல நல்லாத்தான் போகுது. ரெண்டு விரக்கடை உள்ள எறங்கினதும் கவ்வுது. எந்தக் கட்டையா இருந்தாலும் அதே ரெண்டு விரக்கடை."

"இதை இன்ஜினியர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேனே. 'அதுக்கு மேல உனக்கு தம் இல்ல'ன்னாரு."

இப்படி ஒரு துப்பு கையில் கிடைத்தும், அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆளைப் பழித்தவரை நாங்கள் பொறியாளர் என்று அழைத்துக்கொண்டிருந்தோம்.

3. மரம், பல், தகடு

மறுநாள் பேக்கிங் ஷெட்டுக்குப் போனேன். வளர்மதியின் வாளை வாங்கி ஒரு ஸ்கிட் கட்டையில் நானே வைத்தேன். சுற்றி நின்றவர்களில் ஒருவர், "சார், பாத்து. பென்ஷன் வாங்கப் போற கை," என்றார்.

வாள் பிடித்தால் பார்ப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் மரம். ஈர மரம் அறுக்க அறுக்க மூடிக்கொண்டு வாளை நெரிக்கும். இது காய்ந்த மரம். அடுத்து, கட்டையை வைத்த விதம். இரண்டு முனைக்கும் முட்டுக் கொடுத்து நடுவில் அறுத்தால் கட்டை தொய்ந்து அறுத்த தடம் குறுகும். வளர்மதி முனையைத் தொங்கவிட்டுத்தான் வைத்திருந்தார்.

அடுத்தது பல். வாளின் பற்கள் ஒன்று இடப்பக்கமும் அடுத்தது வலப்பக்கமுமாகச் சாய்ந்திருக்கும். தச்சர்கள் இதை செட் என்பார்கள். செட் இருந்தால்தான் தடம் தகட்டைவிட அகலமாக விழும், தகடு தாராளமாகப் போய் வரும். பல்வரிசையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். செட் ஒழுங்காக இருந்தது. சில புது வாள்களில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய வார்னிஷ் ஒட்டும். மெழுகுவர்த்தியை எடுத்து இரண்டு பக்கமும் தேய்த்தேன்.

அறுத்தேன். இரண்டு விரற்கடை இறங்கியதும் கவ்வியது. இழுத்தேன், வரவில்லை. பென்ஷன் பேச்சுப் பேசியவரைக் கூப்பிட்டேன். அவர் இழுத்தார், தள்ளினார், "என்னா சார் இது, பசை போட்ட மாதிரி நிக்குது," என்றார். ஒரு வழியாக வெளியே எடுத்தோம்.

மிச்சம் இருந்தது தகடு. ஸ்டீல் ஸ்கேலை நெட்டுக்குத்தாகத் தகட்டின் நடுவில் வைத்தேன். ஸ்கேல் ஊஞ்சலாடியது. வாளைத் திருப்பி மறுபக்கம் வைத்தேன். ஸ்கேலுக்கும் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. ஒரு பக்கம் புடைப்பு, மறுபக்கம் குழி. பல்வரிசையிலிருந்து அந்தப் புடைப்பு சரியாக இரண்டு விரற்கடை தூரத்தில் இருந்தது. அதுவரை உள்ளே இறங்கும் தகடு நேரானது. புடைப்பு தடத்துக்குள் நுழைந்ததும் ஆப்பு மாதிரி இறுகிக்கொள்கிறது. ரீப்பர் மெல்லிய சட்டம், புடைப்பு உள்ளே போவதற்குள் அறுந்து விழுந்துவிடும். கனத்த கட்டை அறாது. இவ்வளவுதான் விஷயம். பெண்ணும் இல்லை, பலமும் இல்லை, தம்மும் இல்லை.

புடைப்பின் மேலேயே கொட்டை எழுத்தில் எண்கள் வரிசையாகப் பதிந்திருந்தன. அசெட் நம்பர்.

எங்கள் தொழிற்சாலையில் எந்தக் கருவிக்கும் எண் உண்டு. பழைய வாள்களுக்கு மரக் கைப்பிடி. அதில் பழுக்கக் காய்ச்சிய அச்சால் எண் சுட்டுவிடுவார்கள். புது வாள்களுக்குப் பிளாஸ்டிக் கைப்பிடி. சுட்டால் உருகும். ஆகவே ஸ்டோர்ஸில் வாளை ஒரு தண்டவாளத் துண்டின் மேல் வைத்து, தகட்டின் நட்டநடுவில், நம்பர் பஞ்ச் என்கிற இரும்பு அச்சை வைத்துச் சுத்தியலால் எண் எண்ணாக அடித்திருக்கிறார்கள். மெல்லிய தகட்டில் அடித்தால் அந்த இடம் விரியும். சுற்றியுள்ள இரும்பு இடம் கொடுக்காது. வேறு வழியின்றிப் புடைக்கும். சொட்டை எடுக்கும் பாத்திரக்கடைக்காரரைக் கேட்டால் சொல்வார். எங்கள் ஸ்டோர்ஸில் யாரும் யாரையும் கேட்கவில்லை.

நான் பாஸ் செய்தது எண் அடிப்பதற்கு முன்பு. மற்ற தச்சர்கள் எல்லோரும் தங்கள் பழைய வாளையே வைத்திருந்தார்கள். புது ஆள் வளர்மதி ஒருவர்தான். அதனால் புது வாளும் அவர் ஒருவருக்குத்தான். பிறகென்ன, ஷெட்டில் எல்லோருக்கும் வாள் அறுக்கிறது, ஒரு பெண்ணுக்கு மட்டும் அறுக்கவில்லை.

4. மூலையில் அடிங்க

ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் லாரன்ஸ் கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

"நம்பர் இல்லாம ஒரு ஸ்க்ரூ டிரைவர்கூட வெளிய போகாது சார். ஆடிட்ல யாரு பதில் சொல்றது?"

"நட்டநடுவுலதான் அடிக்கணுமா?"

"தெளிவாத் தெரியற எடத்துலன்னு சர்க்குலர்ல இருக்கு. ஆடிட்டர் வயசானவரு சார். ஓரத்துல அடிச்சா அவருக்குத் தெரியாது."

கணேசனிடம் போய்ப் புடைப்பைக் காட்டினேன். ஸ்கேலை வைத்துக் காட்டினேன். அவர் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "இதெல்லாம் தியரி சார். வெள்ளிக்கிழமை டிரேட் டெஸ்ட். அவங்க பேர்ல இஷ்யூ ஆன வாள்லதான் அறுக்கணும். ரூல் உங்களுக்கு நான் சொல்லணுமா?" என்றார்.

சொல்ல வேண்டியதில்லை. அதே பக்கத்தில் அதற்கு மேலே உள்ள விதியும் எனக்குத் தெரியும். சோதனைக்குத் தரும் கருவியை ஆய்வுப் பிரிவு முதலில் பார்க்க வேண்டும். யாரும் பயன்படுத்தாத விதி. அதைப் பயன்படுத்தி, நானே பாஸ் செய்த வாளை நானே நிராகரித்தேன். கணேசன் கேட்ட ஒரு வரியையும் எழுதிக் கொடுத்தேன். 'எண் பொறித்தபின் தகடு சிதைந்தது, பயன்படுத்தத் தகாது.'

வேறு வாள் தர வேண்டும். ஆனால் அந்த லாட்டில் வந்த எல்லா வாளிலும் லாரன்ஸின் ஆட்கள் எண் அடித்து முடித்திருந்தார்கள். சுத்தியல் படாமல் மிஞ்சியது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு லாட்டிலும் ஒரு மாதிரியை அரக்கு முத்திரை வைத்து எங்கள் பிரிவு பீரோவில் வைப்போம். வெள்ளிக்கிழமை காலை அந்த வாளை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். கணேசனும் பணியாளர் பிரிவு அதிகாரி ஒருவரும் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தேர்வுக் குழுவில் மூன்றாவது ஆள் நான். முத்திரையை எல்லோர் முன்னாலும் உடைத்து வாளை லாரன்ஸிடம் கொடுத்தேன். வளர்மதி பெயரில் ஏற்றித் தர வேண்டும்.

லாரன்ஸ் பையிலிருந்து நம்பர் பஞ்சையும் சுத்தியலையும் எடுத்தார்.

"என்ன இது லாரன்ஸ்?"

"நம்பர் சார். நம்பர் இல்லாம எப்படி இஷ்யூ பண்றது?"

அவர் நிஜமாகவே கேட்டார். கணேசன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். என் வாழ்நாளில் விதிப்புத்தகத்தைக் கிழித்துப் போட வேண்டும் என்று தோன்றியது அந்த ஒரு தடவைதான்.

வளர்மதி முன்னால் வந்தார். லாரன்ஸின் கையிலிருந்து வாளை வாங்கி, கைப்பிடியை ஒட்டிய முதுகுப்பக்கத்து மூலையைத் தொட்டுக் காட்டினார்.

"இந்த மூலை என்னிக்கும் மரத்துக்குள்ள போகாதுங்கண்ணா. இங்க அடிங்க. சின்ன பஞ்சா எடுத்து மெதுவா அடிங்க."

"ஆடிட்டருக்குத் தெரியுமாம்மா?"

"வர்றப்ப சொல்லுங்க, நானே எடுத்துட்டு வந்து அவரு மூக்குக்கு நேரா காட்டறேன்."

லாரன்ஸ் கொஞ்சம் யோசித்தார். பிறகு குந்தி உட்கார்ந்து, அந்த மூலையில் ஒவ்வொரு எண்ணாக, குழந்தைக்குக் காது குத்துகிறவர் மாதிரி, அடித்தார். நான் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். தகடு நேராக இருந்தது.

"வாளை மாத்திட்டா யாரு வேணா அறுப்பாங்க சார்," என்றார் கணேசன். "மொத வாள்லயே தெறமையான ஆளு அறுத்துட்டுத்தான் போவான்."

"அப்போ நீங்களே ஒரு தடவை அறுத்துக் காட்டிடுங்க," என்றேன்.

பத்துப் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுக்க அவருக்கு வழியில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டார். நான் நிராகரித்த வாளை ஸ்கிட் கட்டையில் வைத்து வேகமாக ஆரம்பித்தார். வலுவான கைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. தூள் பறந்தது. பிறகு நின்றது. இழுத்தார். காலைக் கட்டையில் ஊன்றி இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

வளர்மதி மெல்லக் கேட்டார்: "ரெண்டு விரக்கடை ஆச்சுங்களா சார்?"

ஷெட்டில் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க ஒவ்வொருவரும் பட்ட பாட்டைப் பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

"மரம் ஈரம்," என்றார் கணேசன்.

அவருடைய வாள் அதிலேயே சிக்கி நிற்க, அதே கட்டையில் கொஞ்சம் தள்ளிக் கோடு போட்டு, புது எண் போட்ட வாளை வைத்தார் வளர்மதி. அதே ஈர மரம். துண்டு விழுந்தது. சோதனையில் கேட்ட மர இணைப்பையும் வெட்டிப் பொருத்தி மேஜைமேல் வைத்தார். பணியாளர் பிரிவு அதிகாரி பொருத்திய இடத்தில் தன் விசிட்டிங் கார்டை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை.

5. முன்னேற்றம்

இதோடு முடிந்திருந்தால் நான் இன்னும் தினமும் திட்டிக்கொண்டு நடக்க மாட்டேன்.

அடுத்த வாரம் தேர்வு அறிக்கை வந்தது. கணேசன் தயாரித்தது. தேர்ச்சி என்று போட்டு, அதன் கீழே ஒரு வரி சேர்த்திருந்தார். 'தொடக்கத்தில் திறன் குறைவாக இருந்தது. பிரிவுத் தலைவரின் தொடர்ந்த வழிகாட்டுதலுக்குப் பின் நல்ல முன்னேற்றம் கண்டுள்ளார்.' பிரிவுத் தலைவர் என்றால் அவரேதான். படித்துப் பார்த்தேன் என்று வளர்மதி அதன் கீழே கையெழுத்திட வேண்டும்.

அந்த வரி பச்சைப் பொய். இருந்தாலும் தேர்ச்சி என்ற சொல் கைக்கு வந்துவிட்டதே என்று, "போட்டுடுங்கம்மா. நிரந்தரம் ஆகட்டும். மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்," என்றேன்.

"அப்புறம் யாரு சார் பாப்பாங்க? நீங்க ரிட்டையர் ஆயிடுவீங்க. இந்தப் பேப்பர் என்கூடவே இருக்கும். நாளைக்கு ப்ரமோஷனுக்குப் போனா, ஆரம்பத்துல வேலை தெரியாம இருந்தவங்கன்னுதானே இதுல நிக்கும்?"

பேனாவை வாங்கினார். கையெழுத்துக்கு மேலே இருந்த இடத்தில் நிதானமாக எழுதினார்: 'வாள் மாற்றப்பட்டது. கை அதேதான்.'

கணேசன் அதைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எழுதற எடமா இது?" என்றார்.

"நீங்க எழுதினதுக்கும் இது எடமில்ல சார்."

பணியாளர் பிரிவு அதிகாரி இரண்டு வரிகளையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தத் தாள் இப்படியே மேலே போனால் தன்னிடம்தான் கேள்வி வரும் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். வேறு தாளில் தேர்ச்சி என்ற ஒரே சொல்லோடு அடித்துக் கொண்டுவரச் சொன்னார். வளர்மதி அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்த மாதமே நிரந்தர ஆணை வந்தது. கணேசன் யாரிடமும் வருத்தம் தெரிவிக்கவில்லை. அவருக்கு வேறு பிரிவில் பதவி உயர்வு கிடைத்தது. சிதைந்த வாள்கள் எல்லாம் ஸ்கிராப்புக்குப் போயின.

இப்போது ஆய்வு வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். பொருள் கேட்டுக்குள் வரும்போது மட்டும் பார்த்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பாதீர்கள். வேலை நடக்கும் இடத்துக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். புது வாள் மரத்தில் நின்றால் மரத்தைப் பாருங்கள், வைத்த விதத்தைப் பாருங்கள், பல்லைப் பாருங்கள், தகட்டைப் பாருங்கள். கடையிலிருந்து கைக்கு வரும் வழியில் அந்தத் தகட்டை நம் ஆட்கள் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். வாளைப் பிடித்திருக்கும் கையைக் கடைசியில் பாருங்கள். இத்தனை ஆண்டில் அந்தக் கை வரைக்கும் நான் போக வேண்டி வந்ததே இல்லை.